சந்திர வம்சத்துத் தழும்புகள்

சந்திர வம்சத்து அரசர் ஒருவர் ஆண்ட கடற்கரை ஊரில் பூங்காவனம் என்று ஒருத்தி இருந்தாள். கப்பலில் வந்திறங்கிய தொலைநோக்கிக் குழாயை மாடியில் நிறுத்தி, பதினோரு வருஷம் நிலாவையே பார்த்தாள். கண்ட மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றுவிடாமல் வரைந்தாள்.

அவளுடைய ஒரே சீடர் சிங்காரவேல் ஆசாரி. அவளைவிட இருபது வயது மூத்தவர். செப்புத் தகட்டில் எழுத்து வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் வரைந்த நிலாவை அச்சுக்காகத் தகட்டில் வெட்டி முடித்திருந்தார்.

விஷயம் திவான் காதுக்குப் போயிற்று. மனுஷர் சும்மா இருப்பாரா? உடனே ஆள் அனுப்பினார்.

“அரசரின் குலமுதல்வரான சந்திரன் முகத்தில் அம்மைத் தழும்பா? நாளை நான் வருவேன். அத்தனை பள்ளத்தையும் தேய்த்து மழமழவென்று ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயும் தகடும் அரண்மனைக்கு வந்து சேரும்.”

ஆசாரி உடனே தேய்க்கும் கல்லைத் தேடி எடுத்து வந்தார்.

“அம்மா, நல்லா நாலு தேய் தேய்ச்சா முடிஞ்சுது. குழாயாவது மிஞ்சும். நிலாவுக்கு என்ன, வலிக்கவா போகுது?”

“திவான் வரட்டும் ஆசாரியாரே,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் திவான் வந்தார். வெயில் தாழும் முன்பே பாதி நிலா மேலே நின்றது. பூங்காவனம் அவரைக் குழாயருகே கூப்பிட்டாள். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“கண்ணாடில தூசி,” என்றார்.

அவள் குழாயை நின்ற இடத்திலேயே அரைச்சுற்று உருட்டினாள்.

“தூசின்னா குழாயோட கூடவே சுத்தும். இப்பப் பாருங்க.”

பார்த்தார். பள்ளங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. திவானின் முகம் சுண்டிப்போயிற்று.

“அங்க இருந்தா இருந்துட்டுப் போகட்டும். படத்துல இருக்கக் கூடாது. ஆசாரி, தேய்ச்சுடும்!”

ஆசாரி தேய்க்கும் கல்லை எடுத்துப் பெரிய பள்ளத்தின் மேல் வைத்தார். அதன் நிழல் எவ்வளவு நீளம் என்று பூங்காவனத்தோடு மூன்று நாள் சண்டை போட்டு, கடைசியில் தானே குழாயில் பார்த்து வெட்டிய பள்ளம் அது. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கை நகர மறுத்தது.

“நான் பார்த்துட்டேனே ஐயா,” என்றார். கல்லைத் திவானிடம் நீட்டினார். “நீங்களும் பார்த்துட்டீங்க. முடிஞ்சா நீங்களே தேய்ங்க.”

திவான் கல்லைத் தொடவில்லை. சேவகர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் குழாயையும் தகட்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

வெறும் மாடியைப் பார்த்ததும் ஆசாரி அழுதேவிட்டார்.

“என்னாலதாம்மா! பதினோரு வருஷ உழைப்பு, எல்லாம் அரண்மனைக்குப் போயிடுச்சே!”

“போகட்டும்,” என்றாள் பூங்காவனம். “குழாயும் கூடவே போயிருக்கு. அங்கேயும் நிலா வரும்.”