முதல் வாய் மண்

நெட்டிக்குளத்தின் நடுவே, ஒரு கோரைப்புதரில், செங்காலி என்ற நீர்க்கோழி ஐந்து முட்டைகள் இட்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் நின்றதால் நரிக்கு அங்கே வர வழியில்லை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அது கூடே கட்டியது.

என்றோ ஒரு மழைக்காலத்தில் அந்தக் குளத்தின் கரை உடையப் பார்த்ததாம். தவளை, நண்டு, நீர்க்கோழி எல்லாம் வாய் வாயாக மண் கொண்டுவந்து அடைத்தனவாம். அதன் நினைவாக வருடந்தோறும் புரட்டாசிக் கடைசியில் கரைத் திருவிழா. குளத்தில் உள்ள அத்தனை உயிரும் அதே இடத்தில் ஒரு வாய் மண் போடும். "ஆளுக்கொரு வாய் போட்டோம், ஆழக் குளத்தைக் காத்தோம்" என்று பாடும். பாட்டில் யார் பேரும் கிடையாது. கோடையில் விழுந்த வெடிப்பும் வளையும் அந்த மண்ணிலேயே அடைபட்டுவிடும். ஆனால் அதையெல்லாம் யார் நினைத்துப் பார்த்தார்கள்? விழா என்றால் விழா, அவ்வளவுதான்.

இந்த வருடம் விழாவன்று பெருந்தொண்டை என்ற தவளை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றது.

"முதல் வாய் மண்ணு இனிமே எங்க வகையறாதான் போடணும். உடைப்பை முதல்ல பாத்தது எங்க பாட்டன்."

"பாத்தாப் போதுமா? ஓட்டையில உடம்பை வச்சு அடைச்சது எங்க பாட்டன்" என்றது கொடுக்கன் என்ற நண்டு. "முதல் மரியாதை எங்களுக்கு. இல்லேன்னா ஒரு நண்டும் மண்ணைத் தொடாது."

செங்காலியின் அலகில் அப்போது மண் இருந்தது. பேசாமல் போட்டிருந்தால் மற்றவையும் பின்னாலேயே போட்டிருக்கும். போடத்தான் வந்தது. ஆனால் வீம்பு யாரை விட்டது? மண்ணைத் துப்பிவிட்டது.

"தூங்கிட்டிருந்த உங்களை எல்லாம் கத்தி எழுப்பினது எங்க ஆத்தா. எங்களைக் கேக்காம யாரும் போடக் கூடாது."

பேச்சு வளர்ந்து பொழுது சாய்ந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எல்லாம் கலைந்து போயின. ஒரு வாய் மண்கூட விழவில்லை.

ஐப்பசி மழை அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா? ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் காலையில் அதே இடத்தில், ஒரு நண்டு வளை அளவுக்குத் தண்ணீர் கசிந்தது. மத்தியானத்துக்குள் கரை பிளந்துவிட்டது.

"ஓடி வாங்க! ஆளுக்கொரு வாய் போடுங்க!" என்று செங்காலி தொண்டை கிழியக் கத்தியது. தவளைகள் வந்தன, நண்டுகளும் வந்தன. யார் முதலில் என்று அன்று யாரும் கேட்கவில்லை. போட்ட மண்ணையெல்லாம் வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலம் குளத்தில் சேறுதான் மிச்சம்.

இரண்டு நாள் வெயிலில் சேறு இறுகியது. மூன்றாம் நாள் நரி கால் நனையாமல் கோரைப்புதருக்கு நடந்து வந்தது. செங்காலி சிறகால் அடித்தது, மூக்கில் கொத்தியது. ஒன்றும் பலிக்கவில்லை. இன்னும் நாலே நாளில் பொரிய வேண்டிய முட்டைகள் ஐந்தும் போயின.

காலிக் கூட்டின் பக்கத்தில் நின்று, தான் துப்பிய அந்த ஒரு வாய் மண்ணை நினைத்து நினைத்து அழுதது செங்காலி. கரைமேட்டில் தவளையும் நண்டும், உடைந்தது யாரால் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

நரி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "இன்னும் எதுக்குச் சண்டை? இந்த வருஷம் முதல் மரியாதை எனக்குக் கிடைச்சாச்சு."

ஊர் கூடிக் காத்ததை என் குலம் மட்டும் காத்தது என்று பங்கு போட்டால், கடைசியில் காப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது.