லினக்ஸுக்கு வருஷப் பலன்

தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். அங்கே லேப் உதவியாளர் சிவந்தியப்பன், மூலையில் செத்துக் கிடந்த இருபது கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட வைத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். "அடுத்த வருஷம் எல்லா மேஜையிலும் லினக்ஸ்தான்" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்தபாடில்லை.

புத்தாண்டுக் கூட்டத்தில் தாளாளர் வெள்ளைத்துரை அவரை வம்புக்கு இழுத்தார். "என்னவே ஜோசியரே, லினக்ஸுக்குப் பலன் சொல்லும். கூட்டம் முடியதுக்குள்ள பலிக்கணும். இல்லேன்னா இருபதும் காயலான் கடைக்கு."

"கூட்டம் முடியுமுன்னே ஐயாவே லினக்ஸைக் கையில எடுப்பிய."

"நானா? செத்தாலும் தொடமாட்டேன்!" என்றவர், வழக்கம்போல் வாட்ஸ்அப் பார்க்கப் போனை எடுத்தார்.

"ஐயா, அந்த ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறது லினக்ஸ்தான்."

சபை சிரித்து ஓய நேரமாயிற்று. தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை.

வாக்கு மாறாத மனிதர். காயலான் கடைக்கு ஒன்றையும் அனுப்பவில்லை. லேபைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, "எப்பண்ணே தொறப்பாவ?" என்று கேட்கிறார்கள்.

சிவந்தியப்பன் சொல்கிறார்: "அடுத்த வருஷம்."