சேந்தன் சொன்ன பத்துப் பேர்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில் நடந்தது இது. சிரிக்காமல் கேளுங்கள். குன்றநாட்டு அரசனின் முந்நூறு பசுக்களை மேய்த்தவன் சேந்தன். உச்சி வெயிலில் மர நிழலில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது ஒரு பசுவையும் காணோம்.

குளம்புச் சுவடு வறண்ட ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போயிருந்தது. அங்கே ஏரிநாடு, தண்ணீருள்ள நாடு. தாகமெடுத்த மாட்டுக்கு எல்லை ஏது? ஆனால் அரசனின் மாட்டைத் தொலைத்தவன் தலை தங்காது என்பது குன்றநாட்டுச் சட்டம்.

பகைவர் வந்து ஓட்டிக்கொண்டு போனால் மட்டும் இடையன்மேல் குற்றமில்லை. அது போருக்கு அழைப்பு, அந்தக் காலத்து வழக்கம் அப்படி. எனவே முள்ளால் தன் கையைத் தானே கீறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான்.

"பத்துப் பேர் வந்தாங்க மன்னா! அத்தனையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க!"

அரசன் சுவடு பார்க்க ஆளனுப்பினானா? அதுதான் இல்லை. ஏரிநாட்டான் என்றைக்காவது வருவான் என்று பயந்து பயந்தே பல வருடம் தூக்கம் கெட்டவன் அவன். பத்துப் பேர் அமைச்சர் வாயில் நூறானார்கள், தளபதி வாயில் ஆயிரமானார்கள். போர்முரசு அதிர்ந்தது.

அக்கரையில் மட்டும் என்ன வாழ்ந்தது? "மாட்டை அனுப்பிவிட்டு நம்மேல் பழி போடப் பார்க்கிறான்" என்று ஏரிநாட்டு அரசனும் நடுங்கினான், வில்லாளிகளைத் திரட்டினான்.

மறுநாள் காலை ஆற்றின் இரு கரையிலும் படை நின்றது. முன்வரிசையில் சேந்தனின் தம்பி கொற்றன், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன். அடையாளம் காட்டக் கூட்டிவந்திருந்த சேந்தனிடம் அவன் கேட்டான்:

"அண்ணே, அந்தப் பத்துப் பேரோட முகத்தை அடையாளம் சொல்லு. அவங்களை மட்டும் குத்துறேன். மத்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

சேந்தனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அரசனின் யானைமுன் விழுந்தான். "யாரும் வரலை மன்னா. நான் தூங்கிட்டேன். தலைக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

அரசன் வாளை உருவினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நீ எனக்குப் பயந்தாய், நான் அவனுக்குப் பயந்தேன். போ, இதையே அவனிடமும் சொல்."

சேந்தன் வெறுங்கையோடு, தனியாக, ஆயிரம் அம்புகளுக்கு எதிரே நடந்தான். ஏரிநாட்டு அரசன் நம்பவில்லை. "நீ ஒற்றன். இடையன் என்றால் மாடுகளைக் கூப்பிடு. வராவிட்டால் அம்பு வரும்."

சேந்தன் வாயைத் திறந்தான், வெறுங்காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான், விக்கல் வந்தது. நாண்கள் இழுபடும் சத்தம் கேட்டது. தம்பியை நினைத்துக்கொண்டான். மூன்றாம் முறை மேய்ச்சல் காட்டுக் கூவல் பீறிட்டு வந்தது.

ஏரிக்கரையிலிருந்து முந்நூறு பசுக்களும் கத்திக்கொண்டு ஓடிவந்தன. வில்லாளிகளே விலகி வழிவிட்டார்கள்.

அதற்குப்பின் கோடையில் குன்றநாட்டு மாடுகள் ஏரியில் நீர் குடித்தன, ஏரிநாட்டு மாடுகள் குன்றில் மேய்ந்தன. எது காணாமல் போனாலும், முரசைத் தொடுமுன் ஓர் ஆள் அக்கரைக்குப் போய்க் கேட்டுவந்தான். அந்த ஆள் சேந்தன்தான். போகும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனான்.

பெரியோரே, பிள்ளைகளே, பயந்தவன் சொன்னதைப் பயந்தவன் விசாரிக்காமல் நம்பும்போதுதான் போர் பிறக்கிறது.