விக்கல் பிடித்த கரடி வைத்தியர்

ஆலங்காட்டில் ஒரு கரடி வைத்தியம் பார்த்துவந்தது. அதனிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். காய்ந்த இலையை நுணுக்கிய பொடி. தலைவலியா, அந்தப் பொடி. கால்வலியா, அதே பொடி. ஆனால் தேனில் குழைத்துத்தான் தரும். தேனை நோயாளிதான் கொண்டுவர வேண்டும்.

ஒரு கூடு தேன் வந்தால் ஒரு சொட்டு பொடிக்குப் போகும். மிச்சம்? வைத்தியர் வயிற்றுக்கு!

"இது கேக்குமா வைத்தியரே?" என்று யாராவது இழுத்தால் போதும், கரடி அளக்க ஆரம்பித்துவிடும்.

"என்ன அப்படிக் கேட்டுட்டே! போன மாசம் ஒரு மொட்டைக் கழுகுக்குத் தலையில தடவிவிட்டேன். இப்ப அது ரெட்டை ஜடை போட்டுப் பறக்குது! ஒரு நத்தை ஒரே ஒரு நக்கு நக்கிச்சு. அது ஓடின வேகத்துல முதுகு ஓடு பின்தங்கிப் போச்சு. இன்னும் வந்து சேரலை!"

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். தேனை நீட்டுவார்கள்.

கொம்புத்தேன், பொந்துத்தேன் என்று காட்டுத்தேன் மொத்தமும் கரடியின் தொப்பைக்குள் போயிற்று. சலித்துப்போன தேனீக்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிட்டன. கரடி கவனிக்கவே இல்லை. அதன் கண்ணெல்லாம் பலா மரத்தின் மேல். வருஷமெல்லாம் காத்திருந்த ஒற்றைப் பழம், அன்றைக்குத்தான் பழுத்திருந்தது. பிளந்து, பெரிய சுளையாகப் பார்த்து வாயில் போட்டது.

"விக்!"

சுளை பறந்துபோய் மைனாவின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

இன்னொரு சுளை. "விக்!" அது முயலின் காதில் போய் மாட்டிக்கொண்டது.

தண்ணீர் குடித்துப் பார்த்தது. மூக்கு வழியாக அருவி கொட்டியது. மூச்சைப் பிடித்துப் பார்த்தது. "விக்!" துள்ளிப்போய் முள்புதரில் விழுந்தது. பொழுது சாய்ந்தும் ஒரு சுளை உள்ளே இறங்கவில்லை. பழத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. விடிந்தால் அழுகிவிடும்! கரடிக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரோ உங்களை நினைக்கிறாங்க வைத்தியரே, அதான் விக்கல்" என்றது அணில்.

"யாரது? விக்!"

"நான்தான்! என் பிள்ளை இருமலுக்குன்னு வச்சிருந்த தேனை வழிச்சுட்டுப் போனீங்களே, அதை நினைச்சேன்."

"நானும் நினைச்சேன்!" என்றது முயல்.

"நானும்!" என்றது மைனா, தொப்பியைச் சரி செய்துகொண்டே.

"ஐயோ, கொஞ்ச நேரம் என்னை மறந்து தொலைங்களேன்!"

"மறக்கிற மாதிரியா வைத்தியம் பாத்தீங்க?" என்றது அணில்.

"உங்க பொடியையே ஒரு வாய் போட்டுக்கங்களேன்" என்றது முயல்.

"அது வெறும் சருகு! விக்!" கரடி தன்னை மறந்து உளறிவிட்டது. "தேன்தான்யா நிஜ மருந்து! நாக்குல ஒரு சொட்டு விட்டா விக்கல் நின்னுடும். கூடெல்லாம் கேக்கலை தாயே. ஒரே ஒரு சொட்டு! மருந்துக்கு!"

அணில் இரண்டு கையையும் விரித்தது.

"மருந்துக்குக்கூட இல்லை வைத்தியரே!"

காடே விழுந்து விழுந்து சிரித்தது. பழம் வீணாகலாமா? எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சுளையாகத் தின்று தீர்த்தார்கள். கரடி எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டே விக்கியது.

ஊரார் மருந்தையெல்லாம் தானே விழுங்குகிறவருக்கு, தனக்கு நோய் வரும்போது மருந்துக்குக்கூட மருந்து கிடைக்காது.