இதைவிடக் கறுப்பு

"எம்மா, இதைவிடக் கறுப்பா ஒரு கண்ணாடி வேணும்."

வந்ததும் வராததுமாகக் கேட்டார் இசக்கியப்பன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பியூலா தலை நிமிர்ந்தாள். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையில் அவளுடையது ஒன்றுதான் கண்ணாடிக் கடை. அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் தொழில் பழகுகிற சீடர் இசக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு. உப்புத் தண்ணீரில் கால் புண்ணாகி, இனிமேல் பாத்தியில் இறங்கக் கூடாது என்றான பிறகு வந்து சேர்ந்தவர். மகள் வயசுப் பெண்ணை ஊராரிடம் "எங்க குரு" என்பார். கேலியாக ஆரம்பித்ததுதான், போகப் போக நிஜமாகிவிட்டது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"உலகம்மாளுக்குத்தான்."

உலகம்மாள் அவர் மனைவி. இன்னமும் உப்பு வாருகிறவள். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து தாக்கி, இடது கண்ணில் சதை வளர்ந்து கருமணியை மூடிவிட்டது. வலது கண்ணையாவது வெயில்படாமல் காப்பாற்று என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மனுஷன் சும்மா இருப்பாரா? குருவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கடையில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார். கரி மாதிரி கறுப்பு.

"எப்படிப் பாத்து எடுத்தீய?"

"எங்காளுக பாக்குற மாதிரிதான். நட்டநடு மதியம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உப்பு அம்பாரத்தைப் பாக்கணும். அம்பாரம் மண்ணு நிறமாத் தெரிஞ்சா நல்ல கண்ணாடி. இதுல களிமண்ணாத் தெரிஞ்சுதுல்லா!"

"பெறகென்ன?"

அவர் குரல் இறங்கியது.

"ஒரு மாசமாப் போடுதா. கூசவே இல்லங்கா. ஆனா வீட்டுக்கு வந்தா வலது கண்ணு எரியுதுங்கா. இருக்கிறது அது ஒண்ணுதானேம்மா. அதான், கறுப்பு பத்தலியோன்னு."

பியூலா எழுந்து போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். வெளியே உச்சி வெயில், உள்ளே அரையிருட்டு. மேசை டிராயரிலிருந்து கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன விளக்கை எடுத்தாள்.

"தோள்ல கிடக்குற துண்டை இப்படி விரிங்க."

விரித்தார். சோப்புத்தூள் போட்டு உலகம்மாள் வெளுத்த துண்டு. விளக்கு மேலே பட்டதும் நீலமாக எரிந்தது.

"ஆத்தாடி!"

"வெயில்லயும் இந்த விளக்கோட கதிர் கலந்து வருது அண்ணாச்சி. நம்ம கண்ணுக்குத் தெரியாது, சோப்புத்தூள் பட்ட துணியிலதான் இப்படி நீலமாக் காட்டும். ஆனா கண்ணைத்தான் தின்னும்."

அவர் கொண்டுவந்திருந்த கறுப்புக் கண்ணாடியை விளக்குக்கும் துண்டுக்கும் நடுவில் பிடித்தாள். நீலம் அணையவில்லை. கண்ணாடி என்று ஒன்று நடுவில் இருப்பதாகவே அது கண்டுகொள்ளவில்லை.

அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். லேசான தேன் நிறம், போட்டுக்கொண்டே பேப்பர் படிக்கலாம். ஓரம் இரண்டும் கன்னத்தோடு வளைந்திருந்தது. அதைப் பிடித்ததும் நீலம் பொசுக்கென்று போய்விட்டது. துண்டு வெறும் துண்டாகக் கிடந்தது.

இசக்கியப்பன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தானே பிடித்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி பிடித்தார்.

"முப்பது வருசம் பாத்தியில நின்னேனே. அப்பவும் இது மேல விழுந்துக்கிட்டேதான் இருந்துதா?"

"ஆமா."

"என் மேல? அவ மேல?"

"எல்லார் மேலயும்."

அம்மாடி என்றிருந்தது அவருக்கு. அத்தனை பெரிய உப்பளம் முழுக்க இந்த நீலம் நிறைந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தார்.

பியூலா முகம் பார்க்கிற கைக்கண்ணாடியை நீட்டினாள்.

"ஷட்டர் ஓரமா வெளிச்சத்துல நின்னு உங்க கண்ணைப் பாருங்க. நடுவுல கறுப்பு எவ்வளவு இருக்கு?"

"கடுகளவு."

"இப்ப உள்ள வாங்க."

வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடுகு மெல்ல விரிந்து மிளகானது. அதை அவர் விரிக்கவில்லை, அதுவே விரிந்தது. ஐம்பத்தாறு வருஷமாகக் கூடவே இருந்த கண், இப்படிச் செய்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"எதுக்கு இப்படித் திறக்குது?"

"இருட்டாயிருச்சுன்னு நினைக்குது. பயமில்லன்னு திறக்குது."

இசக்கியப்பன் மேசை மேல் கிடந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள்ளே உலகம்மாளின் ஒற்றைக் கண் நடுமதியத்தில் அந்த நீலத்துக்கு மிளகளவு திறந்திருந்த ஒரு மாதமும் அவர் முன்னால் வந்து நின்றது.

"பாவி, நானே பண்ணிட்டேனே."

"எரிச்சலோட நிக்குது, பார்வை போகல. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட காட்டுவோம். இதைப் போட்டுக் கூட்டிட்டு வாங்க."

தேன் நிறக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஷட்டருக்குக் கீழே குனிந்தவர், வெயிலில் கால் வைக்காமல் நின்று திரும்பினார்.

"ஆனா குருவே, அவ்வளவு கறுப்பு அது. ஒண்ணையுமா மறைக்கல?"

"மறைச்சுது அண்ணாச்சி. வெயில் அடிக்குதுங்கிறதை அவ கண்ணுக்குத் தெரியாம மறைச்சுது."