பெயர்ச்சீட்டு இல்லாத தொட்டி

கொன்றையூர் ராஜாவுக்குச் செடிப் பைத்தியம். ஒருநாள் ஆற்றங்கரைச் செடிப்பண்ணைக்கு மாறுவேடத்தில் போய், ஒரு தொட்டியை வாங்கித் தானே சுமந்துகொண்டு வந்தார். முயல் காது மாதிரிப் பச்சை மடல்கள். மடல் முழுக்கப் பஞ்சுப் பொட்டுகள். மற்ற எல்லாத் தொட்டிக்கும் பெயர்ச்சீட்டு கட்டியிருந்த பண்ணைக்காரன், இதற்கு மட்டும் கட்டவில்லை.

தொட்டி நந்தவனத்துக்கு வந்தது. புதுச் செடியைப் பார்க்க ராணியார் ஓடிவந்து பக்கத்தில் நின்றார்.

"வெள்ளாயி, யார் இது, தெரிகிறதா?" என்று தோட்டக்காரியிடம் செல்லமாகக் கேட்டார் ராஜா.

"இது தெரியாதா சாமி? கள்ளி!"

அவ்வளவுதான். அகராதிப் பண்டிதர் அகோரமூர்த்தி துள்ளிக் குதித்தார். தோட்டத்து வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்க அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார்!

"மகாராஜா! மகாராணியாரைப் போய்த் திருடி என்கிறாள்!"

"ஐயோ, செடியைச் சொன்னேன் சாமி!"

"கள்ளி என்றால் முள் இருக்கும். இதில் எங்கே முள்? இது பஞ்சுவல்லி! என் அகராதியில் இருக்கிறது."

ராணியாரின் முகம் சிவந்தது. ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "பொழுது சாய்வதற்குள் இது கள்ளிதான் என்று யாராவது நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளாயி ஊரைவிட்டே போகவேண்டியதுதான்!"

வெள்ளாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வந்தான் சடையப்பன். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிப் பேசியே அரசவை வரைக்கும் ஏறி வந்தவன். அநியாயம் என்றால் அவனுக்குச் சுர்ரென்று ஏறும். ஆனால் பேரத்தில் கோபத்தைக் காட்டினால் சரக்கு கைவிட்டுப் போகும் என்று பட்டுத் தெரிந்தவன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"பண்டிதரே, பஞ்சுதானா? நிச்சயமா?"

"இலவம்பஞ்சு தோற்கும்!"

"எனக்கென்னவோ சந்தேகம். சந்தையில் சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் பேர் சொல்வதில்லை. பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள்."

"பயமா? எனக்கா?"

பண்டிதர் இரண்டு உள்ளங்கையாலும் மடலை அழுத்தித் தடவினார். பஞ்சா அது? பொட்டு முழுக்கத் தூசி மாதிரி முள். கண்ணுக்கே தெரியாது. ஒன்றா, இரண்டா? அத்தனையும் உள்ளங்கையில்!

"ஆ! ஐயோ! அடி கள்ளி!"

நந்தவனமே அதிர்ந்தது.

சடையப்பன் ரொம்பப் பணிவாகக் கேட்டான். "யாரைச் சொன்னீர்கள் பண்டிதரே? தொட்டியில் இருப்பவளையா, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரையா?"

ராணியார் புருவத்தை உயர்த்தினார்.

"செடியை! சத்தியமாகச் செடியைத்தான்!"

"வெள்ளாயியும் அதைத்தானே சொன்னாள்?"

முதலில் சிரித்தது ராணியார்தான். அப்புறம் ராஜா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வெள்ளாயிக்குப் பட்டுப்புடவை கிடைத்தது. சடையப்பன் கழுத்தில் முத்துமாலை ஏறியது.

"எல்லாம் சரி சடையப்பா. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று கள்ளியில்தான் எத்தனை! இது என்ன கள்ளி? சீட்டில் என்ன எழுதிக் கட்ட?" என்று கேட்டார் ராஜா.

ஓரமாக நின்று உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்த பண்டிதரைத் திரும்பிப் பார்த்தான் சடையப்பன்.

"கண்டுபிடித்தவர் பெயரை வைப்பதுதானே மகாராஜா நியாயம்? 'அகோரக்கள்ளி' என்று எழுதிக் கட்டச் சொல்லுங்கள்!"