சுத்தியல் வைத்த இடம்

தணிகாசலம் பள்ளிக்கூட வாத்தியார். தலை நரைத்த பிறகு பாறைகளின் மேல் ஆசை வந்து, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கக் கிளம்பியவர். இந்த வயதில் எதற்கு என்று பேராசிரியர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். சேர்த்துக்கொண்டவர் சலோமி மட்டும்தான். அவர் சீடரைவிட வயதில் சின்னவர். அந்த நன்றி தணிகாசலத்துக்குத் தொண்டை வரை நிறைந்திருந்தது. வம்பும் அதில்தான் ஆரம்பித்தது.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் முன் சலோமி அதிலிருந்த படங்களைப் புரட்டினார். பாறையைப் படமெடுக்கும்போது அளவு தெரிவதற்காக ஓரமாய்ச் சுத்தியலை வைப்பது வழக்கம். வடக்குச் சரிவுப் படங்களில் மட்டும் அது பாறையின் நட்டநடுவில் படுத்திருந்தது.

"போய்ப் பார்த்துட்டு வரலாமா, சார்?"

தணிகாசலம் அந்தப் படங்களைச் சட்டென்று மூடி வைத்தார்.

மலை ஏறும்போது அவரே பேச்சுக் கொடுத்தார்.

"இந்தக் கிரானைட் எங்கேருந்து வந்ததுங்கறதுல சந்தேகமே இல்லை, மேடம். ரசாயனப் பரிசோதனை தெளிவாச் சொல்லிடுச்சு. சுத்தி இருக்கிற பழைய பாறைதான் ஆழத்துல உருகி மேலே வந்திருக்கு."

"சரி. எப்ப வந்துச்சு?"

"நீங்க எழுதின மாதிரிதான். நிலம் நெரிஞ்சு மடிஞ்சு, எல்லாம் ஓய்ஞ்ச பிறகு."

சலோமிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான்.

வடக்குச் சரிவில், படத்தில் சுத்தியல் மறைத்திருந்த இடத்தில், சலோமி பாட்டில் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தார். வெள்ளைப் படிகங்கள் துலங்கின. அத்தனையும், பக்கத்துப் பாறையின் மடிப்பு போகிற போக்கிலேயே, ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. இறுகிய பிறகு நெரிபட்டிருந்தால் உடைந்திருக்கும். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு அல்ல, நிலம் நெரிந்துகொண்டிருந்தபோதே குழம்பாக எழுந்து வந்த கல் அது.

"இதை எப்பப் பார்த்தீங்க?"

"போன வருஷமே."

"ஏன் சொல்லலை?"

"ஊரே வேண்டாம்னப்ப நீங்கதான் சேர்த்துக்கிட்டீங்க. உங்க பேரைக் கெடுத்துத்தான் எனக்குப் பட்டம் வரணும்னா, அது வேண்டாம் மேடம். வீட்டுக்குப் போயிடறேன்."

சலோமி அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பிரியம் இருந்தது. பிறகு கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளையைப் போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல என்னைத் திருத்த ஒருத்தர்தான் வந்திருக்கார், சார். அவரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்ண? முதல்லேருந்து சொல்லிக் கொடுங்க."